கோழிக்குக் கீழே ரோஸ்மேரி

சொர்ணலதாவின் சமையல் நோட்டில் காரட்டுக்கும் பூண்டுக்கும் நடுவில் என் பெயர் இருக்கிறது. தமாஷ் இல்லை. 'கோழி ஒன்று, உருளைக்கிழங்கு, காரட், ரோஸ்மேரி (கட்டாயம்), பூண்டு' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இராயப்பன்பட்டியில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ஊசியைக் காட்டியே பாதிக் கம்பம் பள்ளத்தாக்கைப் பயமுறுத்தி வைத்திருந்த என்னை, ஒரு பெண் மளிகைச் சாமான் ஆக்கிவிட்டாள். அவள் கதையை வேறு யாராவது எழுதினால் இந்த விஷயத்தைக் கட்டாயம் விட்டுவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

வருஷம் 1962. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், காரணம் போகப்போகத் தெரியும். அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சொர்ணலதா ஆபரேட்டர். வயது இருபது. வருசநாட்டு விவசாயக் குடும்பம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துளைத்துளையாக இருக்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, 'நம்பர் ப்ளீஸ்' என்று அவள் சொல்கிற அழகைக் கேட்பதற்காகவே, பேச ஆள் இல்லாதவர்கள்கூட போனை எடுத்துவிட்டு முழிப்பார்கள்.

அவள் அப்பா தவசிக்கு மகளை வேலைக்கு அனுப்பியதில் அரை மனதுதான். மீதி அரை மனதில் அவருடைய தங்கை மகன் மொக்கைச்சாமி குடியிருந்தான். எட்டு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு ரேடியோ. சொர்ணலதாவோ இன்னும் ரெண்டு வருஷமாவது அந்தப் பலகை முன்னால் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கடைசியில் தவசி ஒரே ஒரு நிபந்தனை போட்டு விட்டார்.

"கடைச் சோறு திங்கக் கூடாது ஆத்தா. ஒன் அடுப்புல நீ ஆக்கித் திங்கணும். என்னைக்கு ஒஞ் சட்டி காஞ்சு கெடக்கோ, அன்னைக்கே பெட்டியக் கட்டு. வந்து மொக்கைச்சாமிக்குக் கழுத்த நீட்டு."

சொன்னதோடு நிற்கவில்லை. புதன்கிழமை தோறும் பருத்திக்கொட்டை வாங்குகிற சாக்கில் பஸ் ஏறி வருவார். வீட்டுக்கார அம்மாவிடம் சாவியை வாங்கி, மகளின் ஒற்றை அறையைத் திறந்து, நேரே போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரிய டாக்டர்கூட அவ்வளவு கறாராக ரவுண்ட்ஸ் போனதில்லை.

கார்த்திகை மாதம் ஏலக்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. போடி வியாபாரிகளுக்கு வண்டன்மேட்டுக்கு லைன் வேண்டும், வண்டன்மேட்டுக்காரர்களுக்கு பம்பாய் வேண்டும், பம்பாய்க்காரர்களுக்கு எல்லாம் உடனே வேண்டும். கூட வேலை பார்த்த பெண் பிரசவ லீவில் போய்விட்டாள். சொர்ணலதா ரெண்டு ஷிப்டையும் ஒரே உடம்போடு பார்த்தாள். பன்னும் டீயும்தான் சாப்பாடு. அந்தப் புதன்கிழமை தவசி மூடியைத் தூக்கியபோது சட்டிக்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"அடுத்த பொதன் வருவேன்" என்றார். "இதே பல்லி இங்கன இருந்தா, நீ எங்கூட வந்துரு."

மறுநாள்தான் அந்த டெலிபோன் வந்தது. மேகமலைப் பக்கம் ஓர் எஸ்டேட் மேனேஜரின் மனைவி, கோட்டயத்துக்காரர், மூணாறில் இருந்த இன்னொரு மேனேஜரின் மனைவியைக் கூப்பிட்டார். லைன் கிடைத்ததா என்று ஆபரேட்டர் ஒரு விநாடி கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் வேலை போய்விடும். சொர்ணலதா அதுவரை கேட்டவள் இல்லை. ஆனால் அந்த ஒரு விநாடியில் அவள் காதில் விழுந்தது இதுதான்: 'ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை செய்தால் போதும், பிறகு மூன்று நாளைக்குக் கவலையே இல்லை.'

பசித்த காது. மூடுமா? வெளியூர் அழைப்புகளைக் குறிக்கிற ட்ரங்க் கால் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இங்கிலீஷ் வேகமாக ஓடியது, லைனில் இரைச்சல் வேறு. மூன்று நிமிஷம் முடிவதற்குள் அவளுக்குச் சிக்கியது இவ்வளவுதான்:

'ஞாயிறு மதியம். அவன் நல்ல சூடாக இருக்க வேண்டும். கோழி, மலைக்காய் எல்லாம் ஒரே தட்டில். ரோஸ்மேரி கட்டாயம். ரோஸ்மேரி இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. ரோஸ்மேரி கோழிக்குக் கீழே. டைம் ரெண்டு. மூன்று நாளைக்குக் கவலை இல்லை.'

'அவன்' என்றால் ரொட்டி சுடுகிற பேக்கரி அடுப்பு என்று அவளுக்குத் தெரியும். பஜாரில் ஜேசுராஜ் பேக்கரியில் ஆள் உயரத்துக்கு ஒன்று இருந்தது. ரோஸ்மேரி யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் இருந்தது ஒரே ரோஸ்மேரி, நான். சொர்ணலதாவுக்கு டைபாய்டு வந்தபோது ஊசி போட்டவள். அதே ரோஸ்மேரி ரெண்டு மாதம் முன்பு காலரா ஊசி போட அந்த எஸ்டேட்டுக்குப் போய் வந்தவள். எஸ்டேட் மேடமே வாயைத் திறந்து ரோஸ்மேரி இல்லாமல் முடியாது என்கிறார் என்றால், சிஸ்டருக்கு வெள்ளைக்காரச் சமையல் அத்துப்படி என்றுதானே அர்த்தம்?

சனிக்கிழமை என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், நாளைக்கு மத்தியானம் நீங்க வரணும்."

"எதுக்கு?"

"கோழிக்கு."

கோழிக்குச் சீக்கு என்று நினைத்தேன். சத்தியமாக. கத்தரி, பஞ்சு, டிங்சர் எல்லாம் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் கோழி ஏற்கெனவே செத்து, மிளகும் மஞ்சளும் பூசிக்கொண்டு, பேக்கரித் தட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தது. சுற்றிலும் விரல் நீளத்துக்கு நறுக்கிய காரட், பீட்ரூட், நூல்கோல், உருளைக்கிழங்கு. மார்கழி நெருங்கினால் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிற காய்கள். தோலோடு முழுப்பூண்டு, சின்ன வெங்காயம், தட்டிய ஏலக்காய், தாராளமாக நல்லெண்ணெய். எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறிவிட்டது. சமையலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சிரிஞ்சு வேகவைப்பது ஒன்றுதான். அதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி இறங்கிய பிறகு பேக்கரி அடுப்பு சும்மாதான் இருக்கும், சூடு மட்டும் சாயங்காலம் வரை ஆறாது. ஜேசுராஜ் அந்தச் சூட்டை எங்களுக்கு ஓசியில் கொடுத்தார். தட்டு உள்ளே போனது. அடுப்பு வாய்க்குக் கீழே மூன்று படி இருந்தது. சொர்ணலதா கடைசிப் படியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இங்கன உக்காருங்க சிஸ்டர். நீங்க கோழிக்குக் கீழதான் இருக்கணும்."

வருசநாட்டுப் பக்கம் இப்படி ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். அவரவர் ஊரில் என்னென்னவோ நேர்ச்சை. நான் ஏன் கேள்வி கேட்க வேண்டும்?

டெலிபோன்காரர்களுக்கு 'ஒரு டைம்' என்றால் மூன்று நிமிஷம். 'டைம் ரெண்டு' என்றால் ஆறு. ஆறாவது நிமிஷம் அவள் ஜேசுராஜைத் தட்டை வெளியே இழுக்கச் சொன்னாள். நாட்டுக்கோழி எங்களைப் பச்சையாக முறைத்தது.

ஜேசுராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, இது கோழியா, ட்ரங்க் காலா? உள்ள தள்ளுங்க. ரெண்டு மணி நேரம் ஆகட்டும்."

"அப்ப ரெண்டுங்கிறது மணிக்கணக்கு போல" என்று சீட்டைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எந்தச் சீட்டு, யார் எழுதியது என்று எனக்குக் காட்டவில்லை.

ரெண்டு மணி நேரம் கழித்துத் தட்டு வெளியே வந்தபோது பஜாரே மூக்கைத் தூக்கியது. எண்ணெயும் கோழிச்சாறும் காய்க்குள் இறங்கி, பீட்ரூட் ஓரம் கருகி, பூண்டு வெண்ணெயாகப் பிதுங்கியது. நான் சாப்பிட்ட அளவை இங்கே எழுத மாட்டேன். மிச்சத்தை இரும்புச் சட்டியில் போட்டு, காலையும் மாலையும் நன்றாகச் சூடு பண்ணி வைத்துக்கொண்டாள். ஞாயிறு இரவு கோழிக்கால், திங்கட்கிழமை பிய்த்துப் போட்ட கறியும் சோறும், புதன்கிழமை எலும்பில் மிளகு ரசம். செவ்வாய்க்கிழமை அவள் கவுச்சி தொடமாட்டாள்.

"ஒரே தட்டுல இருந்த காயி கவுச்சியா சிஸ்டர்?" என்று கவலையோடு கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கறி தொடாத கத்தோலிக்க வீட்டில் இதே இக்கட்டில் வளர்ந்தவள் நான். யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னேன். "கோழியத் தொட்டுக்கிட்டு இருந்தா கவுச்சி. தள்ளி இருந்தா காய்." அடுத்த ஞாயிற்றிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கான காய்களுக்குத் தட்டின் மூலையில் தனி இடம் ஒதுக்கி, நடுவில் வாழைமட்டையால் ஒரு வரப்பு கட்டினாள்.

அந்தப் புதன்கிழமை தவசி மூடியைத் தூக்கினார். பல்லி இல்லை. நின்றபடியே ஒரு காரட்டை வாயில் போட்டார். பிறகு உட்கார்ந்தார். மகள் டூட்டி முடிந்து வந்தபோது சட்டி காலி. அடுத்த புதன்கிழமையிலிருந்து வரும்போதே கையில் ஒரு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்படியே ஐந்து ஞாயிறு. நானும் தவறாமல் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரே ஒரு வாரம் மட்டும் எனக்கு டூட்டி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாள். "ஒங்களுது ஏதாச்சும் ஒண்ணு குடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினாள். தலையில் இருந்த நர்ஸ் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் படியில் வைத்துக் கோழி சுட்டிருக்கிறாள். கரி பிடித்த தொப்பியைப் பார்த்து எங்கள் மேட்ரன் போட்ட கூச்சலில் வார்டில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவரை நான் துணி துவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். என்னைக் கட்டாயம் வேண்டும் என்று வாசலில் வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய புதன்கிழமை தவசி கோழியோடு வந்து, உப்பு டப்பாவை நகர்த்தியபோது அடியில் அந்தச் சீட்டைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசித்தார். 'ஞாயிறு மதியம். அவன் நல்ல சூடாக இருக்க வேண்டும்... மூன்று நாளைக்குக் கவலை இல்லை.'

எவன்?

அந்த மனிதர் மூன்று நாள் தூங்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் சாட்டைக்கம்போடு மகளுக்குப் பின்னாலேயே பதுங்கிப் பதுங்கி வந்து, வெளியே நின்று வேவு பார்த்துவிட்டுப் பேக்கரிக்குள் நுழைந்துவிட்டார். கோழி உள்ளே வெந்துகொண்டிருந்தது. நான் கீழே உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடி அவன்?"

சொர்ணலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எவன்ப்பா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் சூடா இருக்கானே, அவன்! எல்லாம் எழுதி வச்சிருக்கியே, நாந்தான் வாசிச்சேனே. நட வீட்டுக்கு. மொக்கைச்சாமி காத்துக் கெடக்கான்."

ஜேசுராஜுக்குத்தான் முதலில் உறைத்தது. நிதானமாக வந்து தவசியின் கையைப் பிடித்து, அடுப்பு வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஐயா, இதான் அவன். இங்கிலீசுல இந்த அடுப்புக்குப் பேரே அவன்தான். தொட்டுறாதிக, சுட்டுரும்."

தவசி அடுப்பைப் பார்த்தார். சீட்டை எடுத்து மறுபடி வாசித்தார். அடுப்பை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். "இவனா அவன்" என்று சொல்லி மைதா மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மைதா மூட்டையெல்லாம் புகைந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. கிறிஸ்துமஸ் கேக் வாங்க எஸ்டேட் மேடம் இறங்கினார். ஜேசுராஜ் அப்போதுதான் தட்டை வெளியே இழுத்திருந்தார். மேடத்தின் மூக்கு முதலில் உள்ளே வந்தது, மேடம் பின்னால் வந்தார். தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். விரல் நீளக் காரட், தோலோடு பூண்டு, நடுவில் கோழி.

"எந்தா இது? இது என் சண்டே தட்டல்லோ!" குனிந்து முகர்ந்தார். "ஆனா ரோஸ்மேரி எவிடே?"

சொர்ணலதா பெருமையோடு என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "இங்கன இருக்காக மேடம். கீழதான் உக்கார வச்சிருந்தேன். டைமும் ரெண்டு வச்சிட்டேன்."

மேடம் என்னைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். "ரோஸ்மேரி ஒரு செடி குட்டி. இலை. டைமும் ஒரு இலைதான்" என்றார் மெதுவாக. பிறகு அவர் முகம் மாறியது. "இந்தக் குரல் எனிக்கறியாம், நல்லாத் தெரியும். நம்பர் ப்ளீஸ். இந்தச் சமையலை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன், அதுவும் போனில். நீ கேட்டுக்கொண்டிருந்தாயா? நான் கம்ப்ளைண்ட் எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை கம்ப்ளைண்ட், செவ்வாய்க்கிழமை வேலை போகும், தை மாதம் மொக்கைச்சாமி. சொர்ணலதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு செடிக்குப் பதிலாகவா ஐந்து ஞாயிறு என்னைப் படியில் உட்கார வைத்தாள்? வாசலில் வந்து கட்டாயம் என்று கெஞ்சியதெல்லாம் ஓர் இலைக்கா? எழுந்து போய்விடலாம் போலிருந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என் முழங்கையை இன்னும் விடவில்லை.

"போன் இல்ல மேடம்" என்றேன். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன். காலரா ஊசி போட ஒங்க பங்களாவுக்கு வந்தப்ப நீங்கதான எங்கிட்டச் சொன்னீங்க. மறந்துட்டீங்க."

பிறந்ததிலிருந்து, செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஒழுங்காகப் போகிற நான் சொன்ன முதல் தரமான பொய் அது. மேடம் கண்ணைச் சுருக்கினார்.

"அப்படியா? அன்னிக்கு நான் உனக்கு என்ன கொடுத்தேன்?"

"ஏலக்காய் சாயா. பிஸ்கட் குடுக்கல."

மேடம் சட்டென்று சிவந்துபோனார். பிஸ்கட் கொடுக்காதது நிஜம். ஆனாலும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தவசியின் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க யார்? இந்த சிஸ்டர் சொல்வது நிஜமா?"

அந்த மனிதர் மூன்று மாதமாகக் காத்திருந்ததே இதற்குத்தானே! ஒன்றும் தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னால் போதும், சாயங்காலம் மகளும் பெட்டியும் பஸ்ஸில் ஏறிவிடும். தவசி மூட்டையிலிருந்து எழுந்தார். மகளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நெசந்தான் தாயி. இந்த நர்சம்மாதான் சொல்லிக் குடுத்தாக. நாங் கூடவே இருந்தேன். எங்கண்ணால பாத்தேன்."

அதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது.

மேடம் எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு ஒரு காரட்டை எடுத்துக் கடித்தார். மென்றார். உதடு துடித்தது. அப்புறம் சிரிப்பு வெடித்து வந்து, ஜரிகைச் சேலையோடு என் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கோழிக்குக் கீழே ரோஸ்மேரி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமாம். நான்தான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். அன்றைக்குக் கோழியில் ஒரு கால் மேடத்துக்கு, இன்னொரு கால் தவசிக்கு. எனக்கு முதுகுக்கறிதான் கிடைத்தது. இதை நான் மறக்கவில்லை.

அன்று பஸ் ஏறும்போது தவசி மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "வேலையப் பாரு ஆத்தா. மொக்கைச்சாமி எங்க போயிறப் போறான்." ரெண்டு வருஷம் கழித்து மொக்கைச்சாமியைத்தான் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பேக்கரிக்குத் தூக்கிப்போக அவன் சம்மதித்த பிறகு.

மறு வாரம் மேடம் ஜீப்பில் ஒரு கட்டு நிஜ ரோஸ்மேரியை அனுப்பி வைத்தார். பங்களாவில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பாத்தியில் முளைத்ததாம். சொர்ணலதா முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "தலவலித் தைலம் கணக்கா இருக்கு சிஸ்டர்." வீட்டுக்கார அம்மாவின் ஆட்டுக்குப் போட்டாள். ஆடும் வேண்டாம் என்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலேயே இருந்தேன். கோபம் பாதி, வெட்கம் பாதி. பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாள்.

"சிஸ்டர், நேரமாச்சு. அவன் ஆறிப் போயிருவான்."

"அது செடின்னு தெரிஞ்சு போச்சுல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்னைக்கு எனக்காகப் பொய் சொன்னது செடியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் மகள் ராஜாத்திக்கு 1987இல் மதுரையில் பேங்க் வேலை கிடைத்தது. ஒற்றை அறை, ஓயாத வேலை. அம்மாவின் நோட்டை அச்சுப் பிசகாமல் அவளே காப்பி எடுத்துக்கொண்டு போனாள். போன முதல் வாரமே எனக்கு டெலிபோன். இப்போது நடுவில் ஆபரேட்டர் கிடையாது, குரல் நேரே வந்து விழுந்தது.

"அத்தே, சின்னதா கரண்டு அவன் ஒண்ணு வாங்கியாச்சு. கோழியும் வாங்கப் போறேன். நீங்க ஞாயித்துக்கெழம காலைல மொத பஸ்ஸுக்கு வந்துருங்க."

"எனக்கு மூட்டு வலிடி. நான் எதுக்கு அம்புட்டுத் தூரம்?"

"நோட்டுல கட்டாயம்னு போட்டுருக்கே?"

போனேன். அந்தச் சின்ன அவன் சமையல் மேடைமேல் உயரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே, மூட்டுவலிக்காரிக்காகத் தலையணை கட்டிய ஸ்டூல் ஒன்றைத் தயாராகப் போட்டு வைத்திருந்தாள்.